ஒரு ஃபிளாப்பியும் நூற்றிருபது கோப்புகளும்

ஃபிளாப்பி வட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அதன் படத்தை நாள்தோறும் பார்க்கிறீர்கள். கணிப்பொறித் திரையில் 'சேமி' என்பதற்கு அடையாளமாக ஒரு சிறு சதுரம் இருக்கிறதல்லவா? அதுதான் ஃபிளாப்பி. சோனி நிறுவனம் ஜப்பானில் இவ்வட்டுகளின் விற்பனையை 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தோடு நிறுத்திக் கொண்டது. பொருள் போய்விட்டது, படம் மட்டும் நிற்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அப்படியொரு வட்டு கிடைத்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் 'மாடி வெப்பநிலை 1994-2003' என்று எழுதியிருந்தது. கையெழுத்து எனக்கு நன்கு தெரிந்தது. நான் மாணவனாக இருந்த காலத்தில் எனக்கு இயற்பியல் கற்பித்துப் பின்னர் ஓய்வுபெற்ற பேராசிரியருடைய கையெழுத்து அது. கல்லூரி மொட்டை மாடியில் ஒரு மரக்கூண்டில் வெப்பமானிகளை வைத்து, பத்து ஆண்டுகள் நாள் தவறாமல் உச்ச வெப்பநிலையையும் தாழ்ந்த வெப்பநிலையையும் குறித்து வந்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் சைக்கிளில் வந்துவிடுவார். 1998 இல் நானும் சில வாரங்கள் அவருக்காக மாடியேறி அளவுகளை எடுத்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பேடுகள் கறையானுக்கு இரையாகிவிட்டன என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிவைத்த வட்டு ஒன்று மிஞ்சியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பத்தாண்டு உழைப்பு முழுவதும் என் உள்ளங்கை அளவுள்ள ஒரு வட்டில் இருந்தது. அதை மீட்ட வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றையும், அதிலிருந்து எனக்கு உண்டான ஒரு கருத்தையும் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். கருத்து இதுதான்: பழைய வட்டிலிருந்து கோப்புகளை எடுப்பதும் ஓர் அறிவியல் சோதனையே. அதைச் சோதனைக்குரிய ஒழுங்கோடுதான் செய்யவேண்டும். அந்த ஒழுங்கைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும்.

படிமம் என்றால் என்ன?

ஒரு வட்டிலுள்ளதைப் பாதுகாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதிலுள்ள கோப்புகளை மட்டும் நகலெடுப்பது. மற்றொன்று, வட்டு முழுவதையும் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை, உள்ளது உள்ளபடியே ஒரே பெரிய கோப்பாக எடுத்துவிடுவது. இரண்டாவதை 'டிஸ்க் இமேஜ்' என்பார்கள். நாம் வட்டுப் படிமம் என்று சொல்வோம்.

ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை மட்டும் எடுப்பது, நூல்களை மட்டும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவதைப் போன்றது. படிமம் எடுப்பதோ அலமாரிகள், நூல் வரிசை, நூற்பட்டியல், காலியான இடங்கள் ஆகிய அனைத்தோடும் நூலகத்தையே பெயர்த்துக் கொண்டுவருவதைப் போன்றது.

கணக்கிட்டுப் பாருங்கள். மூன்றரை அங்குல ஃபிளாப்பியில் இரண்டு பக்கங்கள். பக்கத்திற்கு 80 வட்டத் தடங்கள். தடத்திற்கு 18 பிரிவுகள். பிரிவுக்கு 512 பைட்டுகள். இவற்றைப் பெருக்கினால் 14,74,560 பைட்டுகள் கிடைக்கும். படிமக் கோப்பின் அளவு இதே எண்ணாக இருக்கவேண்டும். ஒரு பைட்டு குறைந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். (கடையில் இதை '1.44 எம்பி வட்டு' என்றுதான் விற்றார்கள். 14,74,560 ஐ எந்த எண்ணால் வகுத்தால் 1.44 வரும் என்று கண்டுபிடியுங்கள். அது பத்து லட்சமும் அல்ல, 1024 இன் வர்க்கமும் அல்ல!)

இந்த 2,880 பிரிவுகளில் முதல் 33 பிரிவுகள் வட்டின் நிருவாகத்துக்கு உரியவை. கோப்புகளின் பெயர்ப் பட்டியலும், எந்தக் கோப்பின் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையும் அங்கே இருக்கும். புதையல் வேட்டை விளையாட்டில் ஒவ்வொரு சீட்டும் அடுத்த சீட்டு இருக்குமிடத்தைச் சொல்லும் அல்லவா? அதுபோலவே அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் அடுத்த துண்டின் இடத்தைச் சொல்லும். அந்த அட்டவணை கெட்டுப்போனால் கோப்புகள் அனைத்தும் சிதறிப்போகும் என்பதால், அதற்கு இரண்டு பிரதிகளை வட்டிலேயே எழுதி வைத்திருப்பார்கள்.

படிமத்திலிருந்து கோப்புகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் செய்வதும் இதுதான். பெயர்ப் பட்டியலைப் படிக்கிறது. அட்டவணையைப் பின்பற்றித் துண்டுகளைச் சேர்க்கிறது. நம் கணிப்பொறியில் அதே ஃபோல்டர்களை உண்டாக்கி அவற்றில் கோப்புகளை எழுதுகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை.

வட்டைத் தொடுமுன்

நான் முதலில் செய்தது தவறு. யூஎஸ்பியில் மாட்டும் ஃபிளாப்பி ஓட்டி ஒன்றை வாங்கி, ஆவலோடு வட்டைச் செருகி, கோப்புகளை நேரடியாகத் திறக்க முயன்றேன். இரண்டு கோப்புகள் திறந்தன. மூன்றாவதில் ஓட்டி கரகரவென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. மீண்டும் முயன்றேன், மீண்டும் அதே சத்தம்.

இயற்பியல் ஆசிரியனாகிய நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஃபிளாப்பியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின்மேல் காந்தப் பொருள் பூசப்பட்டிருக்கிறது. படிக்கும் முனை அந்தப் பூச்சைத் தொட்டுக்கொண்டே படிக்கிறது. தகடு நிமிடத்திற்கு 300 முறை சுழல்கிறது. இருபது ஆண்டுகள் கிடந்து, ஈரத்தில் பூஞ்சை பிடித்து, பூச்சு தளர்ந்த வட்டில் ஒவ்வொரு முயற்சியும் ஓர் உராய்வு. ஆவலில் நான் திறந்த ஒவ்வொரு கோப்பும் வட்டின் ஆயுளைக் குறைத்துக் கொண்டிருந்தது.

ஆகவே வட்டைப் படிப்பது ஒருமுறையாக இருக்கவேண்டும். அந்த ஒருமுறையில் முழுப் படிமத்தையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் படிமத்தைத் திறக்கலாம். படிமம் தேயாது.

இதற்கு 'டிடி-ரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினேன். சாதாரண நகலெடுப்பு, கெட்ட இடம் வந்ததும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இதுவோ கெட்ட இடத்தை விட்டுவிட்டு, முதலில் நல்ல பகுதிகளையெல்லாம் வாரி எடுத்துவிடுகிறது. பின்னர்தான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வருகிறது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று தனியாக ஒரு குறிப்புக் கோப்பும் எழுதி வைக்கிறது. நல்ல மாணவன் தேர்வில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதுவதைப் போன்றது இது.

வட்டைச் செருகுமுன் அதன் மூலையிலுள்ள சிறு தாழை நகர்த்தித் துளையைத் திறந்து வைத்தேன். துளை திறந்திருந்தால் ஓட்டி வட்டில் எதையும் எழுதாது. இது மிக முக்கியம். கட்டளையில் மூலத்தின் பெயரையும் நகலின் பெயரையும் இடம் மாற்றித் தட்டிவிட்டால், மூலத்தின்மேல் எழுதப்பட்டு அது கெட்டுவிடக்கூடும்.

பலமுறை முயன்றபின் 2,880 பிரிவுகளில் இரண்டு மட்டும் கிடைக்கவில்லை. அதாவது 1,024 பைட்டுகள்; நூற்றுக்கு 0.07 பங்கு. பிறகு படிமத்திற்கு 'ஷா-256' என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுக் குறித்துக்கொண்டேன். 64 இலக்கங்கள் கொண்ட இந்த எண், படிமத்தின் கைரேகை போன்றது. படிமத்தில் ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முற்றிலும் வேறாகிவிடும். பத்து ஆண்டுகள் கழித்து யாராவது 'இது அதே படிமம்தானா?' என்று கேட்டால், எண்ணை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும்.

ஓர் எழுத்தால் வந்த வினை

படிமத்தைப் பிரிக்க 'செவன்-ஸிப்' என்ற மென்பொருளின் கட்டளை வடிவத்தைப் பயன்படுத்தினேன். இகோர் பாவ்லோவ் என்பவர் 1999 இல் வெளியிட்ட இம்மென்பொருள், ஸிப் கோப்புகளை மட்டுமன்றி ஃபிளாப்பி, சிடி ஆகியவற்றின் படிமங்களையும் திறக்கும். கட்டளையின் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்தைத் தட்டி, என்ன செய்யவேண்டும் என்று சொல்லவேண்டும். 'எல்' என்றால் உள்ளிருப்பவற்றைப் பட்டியலிடு. 'இ' என்றாலும் 'எக்ஸ்' என்றாலும் பிரித்தெடு.

முதலில் 'எல்' கொடுத்துப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒன்றாகப் பத்து ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு கோப்புகள். ஆக 120. என் மகிழ்ச்சியைச் சொல்லவேண்டுமா! உடனே 'இ' கொடுத்தேன். இடையில் கணிப்பொறி ஏதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று ஒரே எழுத்தில் விடை கொடுத்துவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். அதில் இருந்தவை பன்னிரண்டே கோப்புகள்.

நூற்றெட்டுக் கோப்புகள் எங்கே போயின? 'இ' என்ற எழுத்துக்கும் 'எக்ஸ்' என்ற எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் படித்துப் பார்க்கவில்லை. 'எக்ஸ்' கொடுத்தால் ஃபோல்டர்களின் அமைப்பு அப்படியே காக்கப்படும். 'இ' கொடுத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்தில் கொட்டப்படும். பேராசிரியர் ஒவ்வோர் ஆண்டின் கோப்புகளுக்கும் அதே மாதப் பெயர்களைத்தான் சூட்டியிருந்தார். 1995 ஜனவரி வந்து 1994 ஜனவரியின்மேல் எழுதப்பட்டது. 1996 வந்து 1995 இன்மேல். 'பழையதன்மேல் எழுதட்டுமா?' என்றுதான் கணிப்பொறி கேட்டிருக்கிறது. நான்தான் படிக்காமலே தலையாட்டியிருக்கிறேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோப்புகளுக்குள்ளே ஆண்டு எழுதப்பட்டிருக்கவில்லை. நாளும் வெப்பநிலையும்தான் இருந்தன. எந்த ஆண்டு என்பதைச் சொன்னது ஃபோல்டரின் பெயர் மட்டுமே. ஆகவே எல்லாக் கோப்புகளும் தப்பியிருந்தாலும்கூட, ஃபோல்டர் அமைப்பு போயிருந்தால் அந்த எண்களுக்குப் பொருள் போயிருக்கும். ஒரு தகவல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு தகவலே. இதை நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அன்று நானே கற்றுக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கு ஒன்றும் நட்டமில்லை. படிமம் அப்படியே இருந்தது. புதிதாக ஒரு காலி ஃபோல்டரைக் குறித்து, 'இ' க்குப் பதில் 'எக்ஸ்' என்று தட்டினேன். ஒரு நிமிடத்துக்குள் 120 கோப்புகளும் தத்தம் ஆண்டில் வந்து அமர்ந்தன. முதல் நாளைப்போல் வட்டையே நேரடியாகக் கையாண்டு கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

மௌஸ் போதாதா?

இக்கதையைக் கேட்ட என் சக ஆசிரியர் ஒருவர், 'ஒரே எழுத்தில் எல்லாம் போக இருந்ததே! மௌஸால் இருமுறை அழுத்தித் திறந்திருந்தால் இந்தத் தொல்லை உண்டா? கட்டளைகளெல்லாம் வல்லுநர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு எதற்கு?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு படத்தையோ ஒரு பாட்டையோ எடுப்பதற்கு மௌஸே போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் என் தவறு எனக்கு எப்படித் தெரிந்தது? நான் தட்டிய கட்டளை திரையில் அப்படியே நின்றது. அதைப் பார்த்துத்தான் 'இ' என்ற எழுத்தின்மேல் எனக்கு ஐயம் வந்தது. மௌஸால் எதை எங்கே இழுத்துப் போட்டோம் என்பதற்குப் பின்னர் எந்தச் சுவடும் இருப்பதில்லை. 'ஏதோ செய்தேன், ஏதோ ஆகிவிட்டது' என்றுதான் சொல்ல முடியும்.

சோதனைக்கூடத்தில் தனி ஊசலின் அலைவு நேரத்தை அளக்கிறீர்கள். விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா? நீளம் எவ்வளவு, எத்தனை அலைவுகள் எண்ணினாய், எப்படி அளந்தாய் என்று கேட்பார். வேறொருவர் உங்கள் பதிவேட்டைப் பார்த்து அதே சோதனையைச் செய்து அதே விடையைப் பெற முடியவேண்டும் என்பதே காரணம். தட்டப்பட்ட கட்டளை என்பது அத்தகைய பதிவேட்டின் ஒரு வரி. அதைத் தாளில் எழுதி வைக்கலாம்; நண்பனுக்கு அனுப்பலாம்; முந்நூறு வட்டுகள் இருந்தால் அதே வரியை முந்நூறு முறை ஓடவைக்கலாம். அவர் சொன்ன குறையும் உண்மைதான். கட்டளை நம்மிடம் கவனத்தைக் கேட்கிறது. சோதனைக்கூடத்தில் அமிலக் குப்பியும் அதைத்தான் கேட்கிறது. அதற்காக நாம் வேதியியலைக் கைவிட்டுவிடவில்லை.

மாணவர்கள் மீட்ட ஓவியங்கள்

இது நம் கல்லூரி அலமாரியோடு முடிந்துபோகும் செய்தி அன்று. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985 இல் அப்போது புதிதாக வந்த அமீகா கணிப்பொறியில் சில படங்களை வரைந்தார். அவர் 1987 இல் இறந்தார். வட்டுகள் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவை பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கத்தான் வழியில்லை.

அவற்றை மீட்டவர்கள் அதே நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மாணவர் கணிப்பொறிக் கழகத்தினர். செய்தி 2014 இல் வெளியாயிற்று. அவர்களும் வட்டுகளை நேரடியாகத் திறந்து பார்க்கவில்லை. தனிக் கருவி கொண்டு காந்தப் பூச்சிலுள்ள மாற்றங்களையே பதிவுசெய்து, முதலில் படிமங்களை எடுத்துக்கொண்டார்கள். பிறகே அவற்றிலிருந்து கோப்புகளைப் பிரித்தார்கள். அதன் பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. அப்படங்கள் எவருக்கும் தெரியாத ஒரு வடிவத்தில் எழுதப்பட்டிருந்தன. அவ்வடிவத்தை அவர்களே ஆராய்ந்து கண்டுபிடித்துப் படங்களை வெளிக்கொணர்ந்தார்கள்.

உறையைப் பிரித்துவிட்டால் மட்டும் கடிதத்தைப் படித்ததாகாது என்பதற்கு இது நல்ல சான்று. தமிழுக்கும் இச்சிக்கல் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கணிப்பொறியில் எழுதப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. அந்நாளில் தட்டெழுதிய தமிழ்க் கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற குறிகள்தாம் தெரியும். உரிய மாற்றியைப் பயன்படுத்தினால் தமிழ் மீண்டும் வந்துவிடும். ஆனால் மாற்றுவதற்கு மூலம் கெடாமல் இருக்கவேண்டும் அல்லவா? அதனால்தான் படிமம்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டு அலமாரியில் அக்காவின் கல்யாண சிடியோ, தாத்தா பேசியதைப் பதிந்த சிடியோ இருக்கலாம். வீட்டுக் கணிப்பொறியில் பதிந்த சிடிகளில் தகவலைத் தாங்கி நிற்பது ஒரு சாயப் பூச்சு. ஒளியும் வெப்பமும் அதை மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். நல்ல நாள் பார்த்துக் கொண்டிராமல் இப்போதே படிமம் எடுத்துவிடுங்கள். படிமத்தை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரித்தெடுங்கள், அதுவும் எப்போதும் ஒரு புதிய காலி ஃபோல்டரில். தட்டிய கட்டளையைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கணிப்பொறிப் பாடத்தில் இதை ஒரு செய்முறையாக வைக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிடி படிமம் ஒன்றை இரண்டு மாணவர்கள் தனித்தனியே பிரித்தெடுத்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் சரிபார்ப்பு எண்களையும் ஒப்பிடட்டும். ஒருவர் 'இ' கொடுத்து மற்றவர் 'எக்ஸ்' கொடுத்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பொத்தானை அழுத்தக் கற்றவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். தாம் என்ன செய்தோம் என்பதைச் சொல்லத் தெரிந்தவர்கள்தாம் நமக்குத் தேவை.

கிடைக்காத அந்த இரண்டு பிரிவுகளைப் பற்றிச் சொல்லவில்லையே! ஒன்று வட்டின் காலி இடத்தில் இருந்தது, அதனால் கேடில்லை. மற்றொன்று 1998 ஆகஸ்டுக் கோப்பின் முற்பாதி. ஏறக்குறைய பதினேழு நாட்களின் அளவுகள் போய்விட்டன. அவற்றில் சிலவற்றை எடுத்தவன் நானே. ஆனால் ஓர் எண்கூட நினைவில் இல்லை.

பேராசிரியருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். 'எல்லாம் வந்துவிட்டதா?' என்றார். '1998 ஆகஸ்டில் பாதி மட்டும் இல்லை, சார். முன்பின் நாட்களை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்பிவிடட்டுமா?' என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'வேண்டாம்ப்பா. போனதைப் போனது என்றே எழுதி வை' என்றார்.

அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். படிமம், அதன் சரிபார்ப்பு எண், டிடி-ரெஸ்க்யூ எழுதிய குறிப்பு, நான் தட்டிய கட்டளைகள், தவறாகத் தட்டிய அந்த 'இ' உட்பட, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இனி அந்தப் பத்தாண்டு வெப்பநிலையை ஆராய வரும் மாணவர் எவரும் என் சொல்லை நம்பவேண்டியதில்லை; தாமே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.